‘எங்கள் ஹிட்லர் மாஸ்ரர்’ மலருக்கு

அன்புள்ளவர்களே என்று தொடங்கத்தான் நினைத்தேன். கை வரவில்லை. நாங்கள் எல்லாரும் ஐம்பதைத் தாண்டிவிட்டோம். முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிற வயதில் எங்களுக்குள் உபசாரம் எதற்கு? நேரே விசயத்துக்கு வருகிறேன்.

போன கிழமை பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் பதாகையின் படத்தைப் போட்டிருந்தீர்கள். மாஸ்ரருக்கு நீங்கள் எடுக்கிற விழாவில், ஸ்காபரோ மண்டபத்து மேடையில் தொங்கப் போகிற பதாகை. நடுவில் என் பெரியப்பாவின் படம். மேலே மஞ்சள் எழுத்தில் ‘எங்கள் ஹிட்லர் மாஸ்ரர்’. கீழே ‘ஒழுக்கத்தின் மறுபெயர்’. அதற்குக் கீழே நீங்கள் ஒருவர் மாறி ஒருவர் கைகூப்பியிருந்தீர்கள், கண்ணில் நீர் வரச் சிரித்திருந்தீர்கள். பிறகு எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. மாஸ்ரரின் பெறாமகள் என்ற முறையில் மலருக்கு அந்த நாளைய இனிய நினைவு ஒன்று எழுதித் தரவேண்டுமாம், விழாவில் அதை வாசிக்கவும் வேண்டுமாம்.

என் மகள் பக்கத்தில் இருந்து படத்தை எட்டிப் பார்த்தாள். தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள். முதல் சொல்லைத் தாண்டி இரண்டாவது சொல்லில் நின்றுவிட்டாள். “அம்மா, திஸ் இஸ் எ ஜோக், ரைற்?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நானும் உங்களோடு சேர்ந்துதான் இருந்தேன். அது எனக்குச் சுட்டது.

அந்தப் பேரை எடுங்கள் என்று குழுவில் எழுதினேன். அது பாசத்தில் வைத்த பேர், உனக்கு எல்லாவற்றிலும் குற்றம் என்றார் ஒருவர். ஊரில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஹிட்லர் வாத்தியார் இருந்தார், அவர்கள் யாரைக் கொன்றார்கள் என்று கேட்டார் இன்னொருவர். இப்போது யூதர்களின் அரசு செய்வதைப் பார்த்துவிட்டு வந்து கதை என்றார் மூன்றாமவர். ஒரு அரசு இன்று செய்வதைப் பற்றிக் கோபப்பட எனக்கும் வாய் இருக்கிறது, அதை அதற்குரிய இடத்தில் பேசுவேன். அந்தக் கணக்கை, நாங்கள் பிறக்கமுதல் ரயிலில் ஏற்றப்பட்ட ஒரு சின்னப் பிள்ளையிடமா தீர்ப்பது? இவ்வளவும் படித்த ஆட்கள் நீங்கள்.

சரி, இனிய நினைவு கேட்டீர்கள், தருகிறேன். கனடாவுக்கு வந்த புதிதில், பாதர்ஸ்ற் வீதிக் கட்டடத்தில் ஒரே ஒரு பனிக்காலத்தில் நடந்தது. நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள்.

அந்தக் கட்டடத்தின் நடைவழி உங்களுக்கு நினைவிருக்கும். மண்ணிறக் கம்பளம், அதில் ஊறிய ஈரச் சப்பாத்து மணம். எங்கள் கதவுக்குள்ளிருந்து வெந்தயமும் கருவாடும், அடுத்த கதவுகளுக்குள்ளிருந்து கோழிக் கொழுப்பில் வெங்காயம் வதங்குகிற மணமும். லிஃப்ற் வந்து நின்றால் சைக்கிள் மணி மாதிரி ஒரு சத்தம். குடியிருந்தவர்களில் முக்கால்வாசி யூதக் கிழவர்களும் கிழவிகளும். எங்கள் ஆட்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்.

நாங்கள் குடிவந்த முதல் கிழமை கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் ஒழுகியதாம். கட்டடத்தைப் பராமரிக்கிற ஆள் வந்து எங்கள் கதவை முட்டியால் இடித்தான். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய்க் குளியலறைக்குள் பூட்டிக்கொண்டார். என் வாயைப் பொத்திய உள்ளங்கையில் வெங்காய மணம். கொழும்பில் தமிழர் வீடுகளை எரித்த கலவரத்தில் எங்கள் வீட்டுக் கதவையும் அப்படித்தான் இடித்தார்கள். நாங்கள் அப்போது பக்கத்து வீட்டுச் சிங்களக் கிழவரின் குளியலறையில் இருந்து எங்கள் வீடு உடைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். இந்த நாட்டில் கதவை இடிப்பவன் தண்ணீர்க் குழாய் திருத்த வந்தவனாக இருக்கலாம் என்று அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அந்த ஆள் திட்டிக்கொண்டு போய்விட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து வேறு ஒரு சத்தம் கேட்டது. மெல்ல இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, பிறகு பலகையில் நகத்தால் ஒரு கீறல். அம்மா கதவுத் துவாரத்தால் பார்த்தார், பிறகு என்னை நுனிக்காலில் நிற்க வைத்துக் காட்டினார். தலையில் வலை போட்ட ஒரு குள்ளமான கிழவி, தட்டிவிட்டுப் பின்னால் போய், தன் வீட்டுக் கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். எங்களிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து எங்கள் பக்கம் காட்டிக்கொண்டு நின்றார். கையில் ஒன்றும் இல்லை என்று காட்டுகிறார் என்பது அம்மாவுக்கு உடனே விளங்கியது. அந்தக் கட்டடத்தில் நாங்கள் ஏன் கதவைத் திறக்கவில்லை என்று கேட்கத் தேவையில்லாமல் இருந்த ஆள் அவர் ஒருவர்தான்.

அன்றிலிருந்து அவர் முன்வீட்டு அன்ரி. அம்மா தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கியதும் எங்கள் வீட்டுப் பூட்டின் திறப்பு அன்ரியிடம் போனது. எங்கேயும் விழுந்து தொலையாமல் இருக்க அன்ரி அதில் ஒரு சிவப்புக் கம்பளி நூலைக் கட்டி வைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவரின் கதவில் அதேமாதிரி இரண்டு தட்டுத் தட்டி, பொறுத்து, நகத்தால் கீறுவேன். உள்ளே மூன்று பூட்டும் ஒரு சங்கிலியும் ஒவ்வொன்றாகக் கழரும். அழைப்பு மணி அடித்தால் திறக்கமாட்டார். அவரின் கணவர் வழியில் ஒரு மருமகன் இருந்தார், மொன்றியலில். அவர் வந்து மணியடித்தாலும் அதே கதைதான்.

அம்மா வரும்வரை நான் அவரின் குசினியில் இருப்பேன். மேசையில் பிளாஸ்ரிக் விரிப்பு. குளிருக்கு அது விறைத்து, முழங்கையில் ஒட்டி ஒட்டிக் கழரும். கண்ணாடிக் குவளையில் பால் இல்லாத தேத்தண்ணி, அதில் ஒரு எலுமிச்சைத் துண்டு. சீனிக்கட்டியைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு குடிக்கவேண்டும். யன்னலுக்குக் கீழே எப்போதும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. தனி ஆளுக்கு இவ்வளவு எதற்கு என்று அம்மா அதிசயப்படுவார்.

அன்ரி எங்கள் வீட்டில் மட்டும் வாய் நனைக்கமாட்டார். அம்மா நீட்டிய தேத்தண்ணியைக் கையைக் காட்டி மறுத்துவிட்டார். அப்பா கொதித்துப் போனார். “கனடாவுக்கு வந்தும் எங்களுக்குச் சாதி பாக்கினம்,” என்றார். ஊரில் தோட்டத்துக்கு வந்த ஆட்களுக்குத் தனிப் போத்தலில் தேத்தண்ணி வார்த்த வீட்டுப் பிள்ளை அப்பா. அதை அம்மா நினைவுபடுத்தினார். அப்பா ரிவியின் சத்தத்தைக் கூட்டினார். பிறகுதான் அது யூதர்களின் சமயத்துச் சாப்பாட்டு முறை என்று தெரிந்தது. உரிக்காத தோடம்பழம் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்.

ஒரு பின்னேரம் அம்மா வேலையால் நேரே அங்கே வந்தார். சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டு இருந்தவர், என்ன நினைத்தாரோ, கொழும்புக் கதையைத் தொடங்கிவிட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் போதாது. அன்ரியின் ஆங்கிலத்தில் பாதி போலந்திலேயே நின்றுவிட்டது. நடுவில் நான். ஒரு பிள்ளையின் வாயில் வைக்கக்கூடாத சொற்களை இரண்டு பக்கமும் நான்தான் சுமந்தேன். பெரியவர்களுக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.

அன்ரி தன் கதையைச் சொன்னார். அவர்களின் ஊரில் கதவை இடிக்கவில்லையாம், நாகரிகமாகத் தட்டினார்களாம். தட்டியது பொலிஸ்காரன். சட்டத்துக்குப் பயந்த மனிதர் அன்ரியின் தகப்பன், பொலிஸ் தட்டினால் திறக்கத்தானே வேண்டும் என்று திறந்தாராம். போகிற இடத்தில் மாறிப்போகாமல் இருக்கப் பெட்டிகளில் பெயரை வடிவாக எழுதச் சொன்னார்களாம். வரிசையாக நிற்கச் சொன்னார்களாம். எல்லாம் ஒழுங்காக நடந்ததாம், ரயில் வந்ததாம். யூதர்களை அடைத்து வைத்திருந்த வேலிக்கு வெளியே, உருளைக்கிழங்கு வாங்கக் கள்ளமாகப் போயிருந்தபடியால் அன்ரி மட்டும் தப்பினாராம். கிழங்கு விற்ற தோட்டக்காரரின் மாட்டுத் தொழுவத்தில், இரட்டைப் பலகைச் சுவருக்கு நடுவே ஒளிந்திருந்தாராம். தோட்டக்காரரின் மனைவி சாப்பாடு கொண்டுவந்தால் இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, நகத்தால் ஒரு கீறல். வேறு எந்தச் சத்தம் கேட்டாலும் மூச்சு விடக்கூடாது.

அவருக்கு ஒரு தங்கை இருந்ததாகச் சொல்லியிருந்தார், என் வயது. தங்கச்சிக்கு என்ன நடந்தது என்று கேட்கச் சொன்னார் அம்மா. கேட்டேன். அன்ரி சொன்னதை அம்மாவின் பக்கம் திரும்பிச் சொன்னேன். “ரயிலால இறங்கின உடனயே எல்லாரையும் ஒரு அறைக்குள்ள பூட்டி நச்சுவாயு விட்டவையாம். தங்கச்சியையுந்தானாம். தாயையும் தேப்பனையுந்தானாம்.”

“ஏனாம்?” என்று அம்மா கேட்டார்.

அதையும் ஆங்கிலத்தில் கேட்டேன். யூதர் என்றபடியால் என்றார் அன்ரி. மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன், மொழிபெயர்க்க ஆயத்தமாக. அவ்வளவுதான் காரணம். எங்களுக்கும் இப்படித்தான் நடந்தது என்று சொல்லச் சொன்னார் அம்மா. அன்ரி தலையை ஆட்டி மறுத்தார். இப்படி இல்லை என்றார். ஆனால் இரு, தேத்தண்ணியைக் குடி என்றார். அம்மா கோபிக்கவில்லை. இருந்து குடித்தார்.

வளர்ந்த பிறகு இதைப் பற்றி நான் வாசித்தேன். கொலைகாரர்கள் காட்டிலிருந்து வந்தவர்கள் இல்லை. படித்த வாத்திமார், எழுதுவினைஞர்கள், ரயில் நேரம் பிந்தக்கூடாது என்று கவலைப்பட்ட உத்தியோகத்தர்கள். ஒரு அரசாங்கமே அலுவலகம் திறந்து, சம்பளம் கொடுத்து, பிள்ளைகளைக் கொன்றது. தப்பி ஓடிவந்த யூதர்களின் கப்பலை இந்தக் கண்டத்தில் ஒரு நாடும் கரையேற விடவில்லை, இந்த நாடும்தான். பின்னாளில் எங்கள் ஆட்களின் கப்பல் இந்த நாட்டின் மேற்குக் கரைக்கு வந்தபோது, திருப்பி அனுப்பு என்று ரேடியோவில் கத்தினார்களே. அன்றைக்கு நீங்கள் எவ்வளவு கொதித்தீர்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கொதிப்பு எங்கள் வீட்டு அடுப்போடு அணைந்துபோகிறதா?

அந்தப் பனிக்காலத்தின் நடுவில்தான் பெரியப்பா ஊரிலிருந்து வந்து சேர்ந்தார், அப்பாவின் தமையன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணித வாத்தியார். மூக்குக்குக் கீழே மட்டும் விட்டு மற்றதை வழித்த அந்த மீசை. அவர் காலத்து வாத்திமார் பலர் அப்படித்தான் வைத்திருந்தார்கள். மீசையாலும் பிரம்பாலும் அவருக்கு ஊர் வைத்த பேர் விமானத்தில் அவருக்கு முதலே வந்து இறங்கிவிட்டது. அவருக்கும் அதில் பெருமை. பாதுகாவலர் வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டடத்துப் பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டில் இலவசமாக வகுப்பு வைத்தார். கணிதத்தை அவர் மாதிரி விளங்கப்படுத்திய ஒருவரை நான் பிறகு பல்கலைக்கழகத்திலும் காணவில்லை. மிசிசாகாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்துக் கதிரையில் என்னை இருத்தியது அவர் தந்த கணிதம். நன்றி கெட்டவள் என்று குழுவில் எழுதமுன் இதையும் ஒருதரம் வாசியுங்கள்.

அவரின் சட்டம் ஒன்றே ஒன்று. கணக்கு முடியாமல் ஒருவரும் கதிரையை விட்டு எழும்பக்கூடாது. விடாய்த்தாலும், மூக்கு ஒழுகினாலும், தொலைபேசி அடித்தாலும். உங்களில் ஒருவர் கதிரையிலேயே சலம் போனதை நீங்கள் இப்போது சிரித்துச் சிரித்துச் சொல்கிறீர்கள்.

காவல் வைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். பெரியப்பா வேலை முடிந்து வருவது தெரிந்தால், கீழே நின்றவன் படிகளால் ஓடிவரவேண்டும். அவர் லிஃப்றால் வந்து சேருமுன் நடைவழி முழுக்க ஓடி, போகிற வழியில் கதவு கதவாக முட்டியால் குத்தி, ஹிட்லர் வாறார், ஹிட்லர் வாறார் என்று கத்தவேண்டும். மற்றவர்கள் பின்னால் ஓடுவார்கள். நீங்கள் சின்னப் பிள்ளைகள், அதற்காக உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கதவுகளுக்குப் பின்னால் யார் யார் இருந்தார்கள் என்று இந்த வயதிலாவது யோசித்துப் பாருங்கள். கதவில் குத்து விழுந்தால் மூச்சை நிறுத்தப் பழகிய கிழவர்கள். எங்கள் பாசையில் அவர்களுக்கு விளங்கக்கூடிய சொல் ஒன்றுதான் இருந்தது, அதைத்தான் நாங்கள் அவர்களின் வாசலில் நின்று கத்தினோம்.

அப்படி முதல்தரம் ஓடிய ஞாயிறுக்கு அடுத்த நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்து அன்ரியின் கதவில் தட்டினேன், பொறுத்தேன், கீறினேன். பூட்டுகள் கழரவில்லை. உள்ளே அவர் நிற்பது தெரிந்தது, மூச்சு விடாமல் நிற்பதும் தெரிந்தது. பிறகு கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தது, சங்கிலி மாட்டியபடி. சிவப்பு நூலோடு திறப்பு வெளியே வந்தது. நான் வாங்கியதும் கதவு மூடியது.

அன்று பின்னேரம் அம்மா தோடம்பழங்களோடு போனார், மொழிபெயர்க்க நானும் போனேன். சங்கிலிக்கு உள்ளே நின்றுதான் அன்ரி கதைத்தார். உன்னிலும் கோபமில்லை, பிள்ளையிலும் கோபமில்லை என்றார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அந்தப் பேரை இந்த நடைவழியில் சொல்லவேண்டாம். வீட்டுக்குள்ளே என்னவாவது கூப்பிடுங்கள், இங்கே வேண்டாம்.

“இனிச் சொல்ல விடமாட்டன் எண்டு சொல்லு,” என்றார் அம்மா. “இது என்ர வாக்கு எண்டு சொல்லு.”

சொன்னேன். அன்ரி சங்கிலிக்கு ஊடாகக் கையை நீட்டி ஒரு தோடம்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் அம்மா பெரியப்பாவிடம் சொன்னார், எழுந்து நின்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு. “அத்தான், அந்தப் பேரைக் கூப்பிட வேண்டாமெண்டு பெடியளுக்குச் சொல்லிவிடுங்கோ. முன்வீட்டு அம்மா பயந்துபோய் இருக்கிறா.”

பெரியப்பா சிரித்தார். நானா வைத்த பேர், ஊர் மரியாதைக்கு வைத்த பேர் என்றார். அந்த ஆள் பிழைகள் செய்தான்தான், ஆனால் வெள்ளைக்காரனையே நடுங்க வைத்தவன், ஒரு நாட்டை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவன் என்றார். இதைச் சொன்னவர், படித்த மனிதர், தினமும் ஆங்கிலப் பேப்பரை மூலைக்கு மூலை வாசிக்கிறவர். அப்பா வழக்கம்போல ரிவியைப் பார்த்துக்கொண்டே கதைத்தார். “எங்கட வீடு எரிஞ்சதுக்கு ஆர் வந்து என்னத்தை மாத்தினவை? உதெல்லாம் பழங்கதை.”

கொழும்பு எரிந்து அப்போது நான்கைந்து வருடம்கூட ஆகவில்லை. அதைப் பழங்கதை என்று யாராவது சொல்லியிருந்தால் அப்பா அவரின் குரல்வளையைப் பிடித்திருப்பார். உலகம் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று ஊர்வலம் போய் உறைபனியில் காது விறைக்க நின்றவர். எங்களைத் திரும்பிப் பார்த்த ஒரே ஆள் எங்கள் முன்கதவில் இருந்தார், அவர் கேட்டது ஒரு சொல்லை நிறுத்தச் சொல்லி. அதைக்கூடக் கொடுக்க முடியாத கஞ்சத்தனத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அம்மா குசினிக்குள் போய்ச் சட்டியைத் தேய்க்கத் தொடங்கினார். அவரின் வாக்கை அந்த வீட்டில் யாரும் ஒரு வாக்காக எடுக்கவில்லை.

பெரியப்பா உங்களுக்குச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் ஓடினீர்கள், குத்தினீர்கள், கத்தினீர்கள்.

அதன்பிறகு ஒரு நாள் நானும் பெரியப்பாவும் லிஃப்றுக்குக் காத்து நின்றோம். மணி அடித்துக் கதவு திறக்க, அன்ரி தன் சாமான் வண்டிலோடு வெளியே வந்தார். போகாமல் நின்றார். பெரியப்பாவின் முகத்தை, மீசையை, திரும்ப முகத்தைப் பார்த்தார். அந்தப் பேர் உங்களுடையதா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பெரியப்பாவின் ஆங்கிலம் இஸ்திரி போட்டது. அது ஒரு செல்லப்பேர், மேடம், ஒழுக்கத்துக்காகப் பிள்ளைகள் அன்பாக வைத்தது என்றார், சிரித்த முகத்தோடு.

என் தங்கையைக் கொண்டுபோனவர்களும் நல்ல ஒழுக்கமானவர்கள்தான் என்றார் அன்ரி.

பெரியப்பாவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. நாங்களும் துன்பப்பட்ட ஆட்கள்தான், மேடம் என்றார்.

“தெரியும்,” என்றார் அன்ரி. “அதனால்தான் உங்கள் கதவைத் தட்டினேன்.”

வண்டிலை இழுத்துக்கொண்டு போனார். மூன்று பூட்டும் விழுகிற சத்தம் லிஃப்ற்வரை கேட்டது. உள்ளே ஏறியதும் பெரியப்பா கண்ணாடியில் மீசையைத் தடவிக்கொண்டு, “கிழவிக்கு அறளை பேந்திட்டுது,” என்றார். வயது போய் மூளை தடுமாறியவர்களை நாங்கள் சொல்கிற சொல். அந்தக் கட்டடத்திலேயே மூளை தெளிவாக இருந்த ஆளை.

பிறகு சங்கிலி இடைவெளியும் இல்லை. நான் வருகிற நேரம் பார்த்துத் திறப்பு அவரின் கதவுக் குமிழில் தொங்கும். நூலைப் பிடித்து எடுப்பேன். எங்கள் கதவைத் திறந்துகொண்டு திரும்பிப் பார்த்தால் அவரின் கதவுத் துவாரம் இருட்டாக இருக்கும். நான் உள்ளே போய்ப் பூட்டுகிற சத்தம் கேட்கும்வரை அதில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பார். ஒருநாளும் தவறவில்லை. சிலவேளை வேண்டுமென்றே பூட்டாமல் நிற்பேன், திறக்கமாட்டாரா என்று. துவாரம் அப்படியே இருட்டாக இருக்கும், இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நிற்போம்.

பனி உருகத் தொடங்கியபோது அவர் மொன்றியலுக்கு மருமகனோடு போகப் போகிறார் என்று அம்மாவுக்குத் தெரியவந்தது. போகிற நாள் ஞாயிறு. அம்மாவுக்கு அன்று வேலை. பின்னேரம் வந்ததும் இரண்டு பேருமாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவோம் என்று காலையில் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா இரவு வேலை முடித்து உள்ளறையில் படுத்திருந்தார். நீங்கள் எல்லாரும் எங்கள் வரவேற்பறையில் கொப்பிகளோடு இருந்தீர்கள். நடைவழியில் பெட்டிகள் இழுபட்டுக்கொண்டிருந்தன. பின்னேரம்வரை அவர்கள் நிற்கப்போவதில்லை என்று எனக்கு அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, என்றாலும் கதிரையிலேயே இருந்தேன்.

எங்கள் கதவில் மெல்ல இரண்டு தட்டு. ஒரு இடைவெளி. நகத்தால் ஒரு கீறல்.

நான் பேனையை வைத்தேன். பெரியப்பா தலையை நிமிர்த்தாமலே ஒரு விரலை உயர்த்தினார்.

“பெரியப்பா, அது முன்வீட்டு அன்ரி. போகப் போறா.”

“கணக்கை முடிச்சுப்போட்டு எழும்பு.”

திரும்பவும் தட்டுக் கேட்டது. இந்தமுறை நகம் பலகையில் மேலிருந்து கீழேவரை நீளமாக இழுபட்டது. நீங்கள் எல்லாரும் கதவைப் பார்த்தீர்கள், பிறகு அவரின் விரலைப் பார்த்தீர்கள், பிறகு கொப்பியைப் பார்த்தீர்கள். எங்களைப் பயமுறுத்தாமல் எங்கள் கதவை முதல்முதல் தட்டிய கை அது. திறக்க எங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. வெளியே ஒரு ஆணின் குரல் அவரைக் கூப்பிட்டது. லிஃப்றின் மணி அடித்தது.

நான் அழுது அழுது கணக்கை முடித்தேன். அழுதாலும் விடை சரியாகத்தான் வந்தது. பெரியப்பா சிவப்புப் பேனையால் பெரிதாக ஒரு சரி போட்டார். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். எங்கள் குமிழில் சிவப்பு நூலோடு திறப்புத் தொங்கியது. முன்வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது. மூன்று பூட்டும் கழன்று, சங்கிலி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. குசினியில் யன்னலுக்குக் கீழே உருளைக்கிழங்கு மூட்டை அப்படியே இருந்தது.

அம்மா பின்னேரம் வந்து அந்த வெறும் வீட்டின் வாசலில் நின்றதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நாங்கள் ஸ்காபரோவுக்கு மாறியபோது அப்பா திறப்பை நூலோடு சேர்த்தே கட்டடக்காரரிடம் கொடுத்துவிட்டார். அன்ரியின் கதை என்னிடம் இருக்கிறது, அவர் தொட்ட பொருள் ஒன்றும் இல்லை.

‘ஒழுக்கத்தின் மறுபெயர்’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஒழுக்கத்தைத்தான் நான் இவ்வளவு நேரமும் சொன்னேன். விழாவுக்குக் கட்டாயம் வருவேன், ஒஷாவாவிலிருந்து நானே காரோடி வருவேன். பதாகையில் அந்தப் பேர் இல்லாவிட்டால் பெரியப்பாவின் கணிதத்தைப் பற்றி மனம் நிறைந்து பேசுவேன், பேச நிறைய இருக்கிறது. இருந்தால், மேடையில் அவரின் படத்துக்குக் கீழே நின்று, இதை முதல் வரியிலிருந்து வாசிப்பேன். நான் முடிக்கும்வரை ஒருவரும் கதிரையை விட்டு எழும்பக்கூடாது.